நாற்பத்தாறாம் நம்பர் பல்

கடவாப்பல்லில் வலி நின்ற அன்றைக்கு நான் அல்வா வாங்கித் தின்றேன்.

மாசி மாதம் அது. இருபது நாளாக வலப்பக்கக் கீழ்க் கடவாப்பல் என்னைப் படுத்தியெடுத்தது. பகலில் டீ பட்டால் சுரீர் என்னும். ராத்திரி தலையைச் சாய்த்தால் விண்விண்ணென்று தெறிக்கும். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் மட்டுப்படும். திண்ணையில் உட்கார்ந்தே பாதி ராத்திரிகள் கழிந்தன. பிறகு ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் வலியைக் காணோம். கிராம்பு கேட்டுவிட்டது என்று நினைத்தேன். அன்றைக்கு மண்டி வேலையாகத் திருநெல்வேலி போக வேண்டியிருந்தது. ஜங்ஷனில் இறங்கியதும் சுடச்சுட வாழையிலைத் துண்டில் நூறு கிராம் அல்வா. எனக்குச் சர்க்கரை உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வலி போன சந்தோஷத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஐந்து மாதம் கழித்துப் பாளையங்கோட்டையில் ஒரு பல் டாக்டரம்மா சொல்லித்தான் விஷயம் புரிந்தது. மாசியில் எனக்கு ஒன்றும் குணமாகவில்லை. பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துப்போயிருந்தது. எழவு வீட்டில் அல்வா தின்றிருக்கிறேன்.

எனக்கு வயது 44. பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். அதுவரை பல் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. மிதிக்காததற்குக் காரணம் பயம்தான். வேலை, நேரமில்லை என்பதெல்லாம் நானாகச் சொல்லிக்கொண்டது.

மண்டியில் பல்வலி என்று வாயைத் திறந்தால் போதும், ஆளாளுக்கு வைத்தியர். ஒருவர் உப்புத் தண்ணீர் என்பார், ஒருவர் கொய்யாக் கொழுந்து என்பார். மாத்திரையைப் பொடித்துச் சொத்தைக்குள் வைக்கச் சொன்னவரும் உண்டு. அதையும் செய்தேன், ஈறு வெந்து வெள்ளையாக உரிந்ததுதான் மிச்சம். மண்டி முதலாளி அண்ணாச்சி, "பல்லு வலிக்கெல்லாமா ஆஸ்பத்திரிக்குப் போவாவ? ரெண்டு கிராம்பக் கடிச்சிக்கிட்டு சோலியப் பாரும்வே" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. கிராம்புத் தைலத்துக்கு மரத்துப்போகச் செய்யும் குணம் உண்டு. பல் டாக்டர்களே தற்காலிகமாகச் சொத்தையை அடைக்கும் கலவையில் அந்தத் தைலத்தின் சத்தைச் சேர்க்கிறார்கள். பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் வாசனையில் பாதி அதுதான். ஆனால் கிராம்பு வலியை மறைக்குமே தவிர சொத்தையை அடைக்காது.

சின்ன வயதில் எங்கள் ஆச்சி எனக்குக் கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்திருக்கிறாள். கொட்டாங்கச்சியில் கனல் போட்டு, விதையைத் தூவி, மேலே புனலைக் கவிழ்த்து, புகையை வாய்க்குள் விட வேண்டும். பூச்சி உதிரும் என்பாள். எச்சிலோடு விதைத் துணுக்கு எதுவும் விழுந்தால் "பாத்தியா, பூச்சி!" என்று காட்டுவாள். சொத்தைக்குள் பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் நாம் தின்னும் இனிப்பைத் தின்று புளிப்பாக அமிலத்தை விடுகின்றன. அது பல்லைக் கரைக்கிறது. அவ்வளவுதான்.

ஆடியில் அந்தப் பல்லுக்குக் கீழே ஈறில் ஒரு சின்னக் கொப்புளம் வந்தது. உடையும், உப்புக் கரிப்பாக ஏதோ வரும், அடங்கும், மறுபடி வரும். வலி கிடையாது. மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கினேன். ஒரு வாரம் அடங்கிவிட்டு மறுபடி முளைத்தது. பாளையங்கோட்டையில் இருக்கும் அக்காவிடம் போனில் பேச்சுவாக்கில் சொன்னதுதான் தாமதம், பிடித்துக்கொண்டாள்.

"ஏல, உனக்கு அறிவிருக்கா? சுகர வச்சிக்கிட்டு வாயில சீழ் வச்சிக்கிட்டு அலையுத. ஆடி மாசம், முகூர்த்தமும் கெடயாது, மண்டியில என்ன சோலி? நாள மறுநாளைக்கு நேரம் வாங்கி வைக்கேன், வந்து சேரு."

அம்மாவுக்கு வேறு கவலை. "எய்யா, மேல் பல்லா கீழ் பல்லா? மேல் பல்லுன்னா கை வைக்க விட்டுராத. கண்ணுக்குப் போற நரம்பு அதுல இருக்கு." இதை நம்பாத வீடு நம்ம பக்கம் குறைவு. டாக்டரம்மாவிடம் பிறகு கேட்டேன். பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. மேல் பல்லைப் பிடுங்குவதால் கண் போகாது என்றார். வயதானவர்களுக்குப் பல்லும் கண்ணும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கெடுகின்றன, பழி பல் டாக்டர் மேல் விழுகிறது.

அக்கா போனில் சில விஷயங்களை அடித்துச் சொன்னாள். காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வா. வழக்கமான மாத்திரைகளைப் போட்டுவிட்டு வா. போடுகிற மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டுக் கொண்டு வா. கடைசியாக எடுத்த ரத்த டெஸ்ட் சீட்டையும் எடுத்து வா. நான் பட்டினியோடு போகத்தான் இருந்தேன். ஆபரேஷனுக்கு வெறும் வயிறு என்று எங்கோ கேட்ட ஞாபகம். சர்க்கரைக்காரன் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போய் அந்த நாற்காலியில் சாய்ந்தால், பயத்தில் வரும் மயக்கம் எது, சர்க்கரை இறங்கி வரும் மயக்கம் எது என்று அவர்களுக்கே குழப்பமாகிவிடும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் பெரிய வேலை என்றால்தான் வெறும் வயிறு. அதை அவர்களே முன்கூட்டிச் சொல்வார்கள்.

செங்கோட்டை ரயிலில் ஏறினேன். சாரல் காற்று. கல்லிடைக்குறிச்சி தாண்டும்வரை தைரியமாகத்தான் இருந்தேன். சேரன்மகாதேவியில் உள்ளங்கை வேர்த்தது. உதட்டுக்குள் கொஞ்சம் புகையிலை அதக்கிக்கொண்டேன். இந்தப் புகையிலை பிறகு கதைக்குள் வரும்.

ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். பல்லைக் காட்ட வந்தவனிடம் என்னென்னவோ கேள்வி. சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா, இதய வால்வு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, இதற்கு முன் ஊசி போட்டு மயங்கியதுண்டா, எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போடுகிறீர்களா. பெண்கள் என்றால் கர்ப்பமா என்றும் கேட்கிறார்கள். இதில் பாதியைப் பார்த்து, பல்லுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் சம்பந்தம் இருக்கிறது. வால்வு மாற்றியவர்களுக்குப் பல் பிடுங்குவதற்கு முன்பே ஒரு மருந்து கொடுக்க வேண்டிவரும். வாயிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி இதயத்தில் போய் ஒட்டிக்கொள்ளலாம். எலும்புக்கான சில மருந்துகளை எடுப்பவர்களுக்குப் பல் எடுத்த புண் ஆறாமல் தாடை எலும்பே கெடும் ஆபத்து உண்டு. கர்ப்பிணிகளுக்குப் பல் வைத்தியமே ஆகாது என்பது தப்பு. அவசரமில்லாத வேலைக்கு நடு மூன்று மாதம் தோதானது.

எங்கள் அத்தானுக்கு இதய ரத்தக்குழாய் அடைக்காமல் இருக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்திருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பல்லைப் பிடுங்கப் போகிறோம், ரத்தம் நிற்காது என்று, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை அவராக நாலு நாள் நிறுத்திவிட்டார். பல் டாக்டர் பல்லைத் தொடவே இல்லை. நேரே இதய டாக்டரிடம் அனுப்பினார். அங்கே வாங்கிய வசவை அத்தான் இன்னும் மறக்கவில்லை. பல்லில் வரும் ரத்தத்தைப் பஞ்சு வைத்துக் கடித்து நிறுத்திவிடலாம், ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் என்ன செய்வீர் என்று கேட்டாராம். அந்த மாத்திரையை நிறுத்தலாமா கூடாதா என்பதை இரண்டு டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். நம் வேலை அட்டையைக் காட்டுவது.

தாளின் கடைசியில் 'புகை, புகையிலை, மது' என்று இருந்தது. 'இல்லை' என்று எழுதினேன். ரயிலில் அதக்கியதை ஸ்டேஷன் வாசலில் துப்பி வாய் கொப்பளித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். நம்ம ஊர்ப் பேச்சு. நாற்காலியில் உட்கார வைத்தார், சாய்க்கவில்லை. என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, சூட்டுக்கு வலித்ததா, குளிருக்கா, ராத்திரி வலித்ததா என்று கேட்டுக்கொண்டே எழுதினார். பயமா இருக்கா அண்ணாச்சி என்றார். இல்லை என்றேன். பிரஷர் பார்த்தார், 150க்கு 94. "பயமில்லன்னு சொல்லுதிய, மெஷின் வேற சொல்லுதே" என்று சிரித்தார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தபோது இறங்கியிருந்தது. பயத்தைச் சொன்னதற்கு ஒரு பலன் கிடைத்தது. இடது கையைத் தூக்கினால் என்ன செய்துகொண்டிருந்தாலும் நிறுத்திவிடுவேன் என்றார். வாய்க்குள் கருவி இருக்கும்போது பேச முடியாது. கை ஒன்றுதான் பாஷை. நான் அன்றைக்கு ஒரே ஒரு தடவை தூக்கினேன், சும்மா நிறுத்துகிறாரா பார்ப்போம் என்று. நிறுத்தினார். அதற்குப் பிறகு பயம் பாதியாகிவிட்டது.

கருவிகள் ஒட்டிய உறைக்குள் இருந்தன. என் கண்முன்னால்தான் பிரித்தார். எங்கே போனாலும் இதை மட்டும் கவனியுங்கள். உறையைப் பிரித்துக் கருவியை எடுக்கிறார்களா, கையுறையைப் புதிதாகப் போடுகிறார்களா. கேட்கக் கூச்சமாக இருந்தால் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்.

குறடு, சுத்தியல் என்றெல்லாம் கற்பனை செய்து வைத்திருந்தேன். தட்டில் இருந்தது ஒரு குட்டிக் கண்ணாடி, ஒரு கொக்கி முனை, ஒரு இடுக்கி, கோடு கோடாக அளவு போட்ட மெல்லிய கம்பி ஒன்று. அவ்வளவுதான்.

என் பல்லை அவர் முதலில் பார்க்கவே இல்லை. கழுத்தையும் தாடைக்குக் கீழேயும் விரலால் அழுத்திப் பார்த்தார், நெறி கட்டியிருக்கிறதா என்று. பிறகு நாக்கை நீட்டச் சொல்லி, துணியால் பிடித்து, இரண்டு ஓரத்தையும் பார்த்தார். நாக்குக்கு அடியில். அண்ணத்தில். கன்னத்தின் உட்புறம். கடைசியாகக் கீழ் உதட்டை வெளியே இழுத்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"எந்தப் பக்கம் வைப்பிய அண்ணாச்சி? இந்தப் பக்கம்தானா?"

நான் பதில் சொல்லவில்லை. வாய் அவர் கையில் இருந்தது, அது ஒரு சாக்கு. உதட்டின் உட்பக்கம் வெள்ளையாக, சுருங்கின தோல் மாதிரி ஒரு திட்டு. போனில் படம் எடுத்துக் காட்டினார். பதினாறு வருஷமாக அதே இடத்தில் வைத்திருக்கிறேன், ஒரு நாள்கூட நானாக உதட்டைப் புரட்டிப் பார்த்ததில்லை.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தாளை எடுத்து 'இல்லை'யை அடித்துவிட்டு 'உண்டு' என்று எழுதினார். இன்றைக்கே நிறுத்துங்கள், நிறுத்தினால் இந்த மாதிரித் திட்டு பெரும்பாலும் சில வாரத்தில் மறையும், மறையாவிட்டால் துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், ரெண்டு வாரத்தில் வந்து காட்டுங்கள் என்றார். குரலை ஏற்றாமல் இறக்காமல் சொன்னார். அதுதான் உறைத்தது. தாளில் நான் எழுதிய பொய்யை நம்பி உதட்டைப் புரட்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ரயிலில் திரும்பும்போதெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். மண்டியிலும் பீடிக் கம்பெனியிலும் பஸ் ஸ்டாண்டிலும் இதே இடத்தில் இதே பொட்டலத்தை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். ஒரு கண்ணாடி முன் நின்று உதட்டைப் புரட்டிப் பாருங்கள். காசு செலவில்லாத பரிசோதனை.

பிறகு பல். டாக்டரம்மா ஒவ்வொரு பல்லாகப் பார்த்து எண் சொல்ல, பக்கத்தில் ஒரு பெண் எழுதிக்கொண்டே வந்தாள். "பதினேழு, சொத்தை ஆரம்பம். இருபத்தாறு, சரி. நாப்பத்தாறு..." என்று நிறுத்தினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மனிதனுக்கு 32 பல். எனக்கு எப்படி நாற்பத்தாறு? கூடுதலாக முளைத்துக் கிடக்கிறதோ? கேட்டேவிட்டேன். எழுதிய பெண் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாயை நாலு பாகமாகப் பிரித்து எண் வைத்திருக்கிறார்கள். மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. நடுப்பல்லிலிருந்து எண்ணினால் ஆறாவது பல், கீழ் வலதில் என்றால் 46. தெருவும் கதவிலக்கமும் மாதிரி. சீட்டில் இந்த எண்ணைப் பார்த்தால் எந்தப் பல்லுக்கு வைத்தியம் எழுதியிருக்கிறது என்று நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

அளவு போட்ட கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெல்ல இறக்கி, "ரெண்டு, மூணு, மூணு, அஞ்சு" என்று சொல்லிக்கொண்டே போனார். மில்லிமீட்டர் கணக்கு. மூன்றுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போகப் போக ஈறு பல்லை விட்டு விலகுகிறது என்று அர்த்தம். எனக்குப் பின்பக்கம் இரண்டு இடத்தில் ஆறு. ரத்தமும் வந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம், ரெண்டும் ஒன்றையொன்று இழுக்கும் என்றார். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி டெஸ்ட் எடுத்து வரச் சொன்னார். அல்வா விஷயத்தை நான் சொல்லவில்லை.

46ஐக் கண்ணாடிப் பிடியால் தட்டினார். லேசாக வலித்தது. பக்கத்துப் பல்லைத் தட்டினார், வலியில்லை. ஐஸ் மாதிரி குளிர்ந்த பஞ்சை நல்ல பல்லில் வைத்தபோது துள்ளிவிட்டேன். அதே பஞ்சை 46இல் வைத்தார். ஒன்றுமே தெரியவில்லை. கல்லில் வைத்தது மாதிரி. அப்போதுதான் மாசி மாதக் கதையைக் கேட்டு வாங்கி, வலி நின்றதன் அர்த்தத்தைச் சொன்னார். பல்லின் வெளி ஓடு உடம்பிலேயே கெட்டியான பொருள். அதற்கு உணர்ச்சி கிடையாது. அது கரையும்வரை நமக்குத் தெரியாது. உள் அடுக்குக்குப் போனால் கூச்சம். நரம்பு இருக்கும் நடு அறைக்குள் கிருமி போனால் அந்த விண்விண். நரம்பு செத்தால் அமைதி. அந்த அமைதியில்தான் கிருமி வேர் வழியாக இறங்கி எலும்பை அரிக்கிறது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். நாக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகட்டை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு கால் கட்டைவிரலை மடக்கி நீட்டுங்கள் என்றாள் அந்தப் பெண். கேலி என்று நினைத்தேன். செய்து பார்த்தேன், குமட்டல் நின்றது. கவனம் காலுக்குப் போய்விடுகிறது போலிருக்கிறது. திரையில் பல் தெரிந்தது. வேர் நுனியில் மிளகு அளவுக்குக் கறுப்பு நிழல். அங்கே எலும்பு இல்லை என்றார்.

"புடுங்கிருங்கம்மா, சனியன் விட்டுது" என்றேன்.

"அவசரப்படாதிய. இன்னைக்கி நான் ஒண்ணும் செய்யப்போறதில்ல."

முதல் நாளைப் பற்றி எனக்கு யாருமே சொல்லாத விஷயம் இது. முகம் வீங்கி, காய்ச்சல் அடித்து, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல் போனால் அது வேறு; அன்றைக்கே, அந்த மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தாடைக்கு அடியில் வீக்கம் இறங்கினால் மூச்சையே அடைக்கும். மற்றபடி முதல் நாள் என்பது பெரும்பாலும் பார்ப்பதும் பேசுவதும் எழுதுவதும்தான். குறட்டுக்குப் பயந்து நான் 44 வருஷம் தள்ளிப்போட்டது, ஒரு பேச்சுவார்த்தையை.

மூன்று வழி சொன்னார். வேர் சிகிச்சை செய்து, அதாவது பல்லுக்குள் செத்ததை எடுத்துச் சுத்தம் செய்து அடைத்து, மேலே கேப் என்ற உறையைப் போடுவது. பிடுங்குவது. சும்மா விடுவது. மூன்றுக்கும் என்ன ஆகும் என்று சொன்னார். பிடுங்கினால் செலவு கம்மி. ஆனால் அந்த இடைவெளியில் பக்கத்துப் பல் சாயும், மேல் பல் இறங்கும், பிறகு பக்கத்துப் பற்களில் தாங்கி நிற்கும் பாலமோ, எலும்பில் திருகி வைக்கும் இம்பிளான்டோ போட வேண்டுமென்றால் செலவு கூடும். மாத்திரை மட்டும் போட்டால் ஆகாதா என்று கேட்டேன். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் இல்லை, மாத்திரை எந்த வழியாகப் போய்ச் சேரும் என்று திருப்பிக் கேட்டார். மெடிக்கலில் வாங்கிய மாத்திரை ஒரு வாரத்துக்கு மேல் ஏன் நிற்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

எத்தனை தடவை வர வேண்டும், மொத்தம் எவ்வளவு, கேப் செலவு அதில் சேர்ந்ததா தனியா, என்ன பொருளில் கேப் என்று எழுதித் தரச் சொன்னேன். மண்டிக் கணக்குப்பிள்ளைக்கு இது மட்டும் பயமில்லாமல் வரும். எழுதித் தந்தார். இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் வேறோர் இடத்தில், வேர் சிகிச்சை முடிந்த பிறகுதான் கேப் தனிக் காசு என்று தெரிந்து, கேப் போடாமலே விட்டார். ஒரு வருஷத்தில் முறுக்குக் கடிக்கும்போது பல் இரண்டாகப் பிளந்தது. காசு கட்ட முடியாதவர்களுக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். காசில்லை என்பதற்காகச் சந்தையில் பல் கட்டுகிறவரிடம் போக வேண்டியதில்லை.

கடைசியாக, ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டார். மண்டியில் எட்டு. சர்க்கரை வந்த பிறகு சீனி போடுவதில்லை, கருப்பட்டிதான் என்றேன் பெருமையாக. டாக்டரம்மா தலையில் கை வைக்காத குறை. பல்லில் இருக்கும் கிருமிக்குச் சீனியும் ஒன்றுதான், உடன்குடிக் கருப்பட்டியும் ஒன்றுதான். உங்கள் சுகருக்கும் அதே கதைதான் என்றார். அதைவிட முக்கியம், எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பது. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம்போல வாய் புளித்துக் கிடக்கும். எட்டு டீ என்றால் நாலு மணி நேரம் பல் அமிலத்தில் ஊறுகிறது. சாப்பாட்டோடு சேர்த்து இனிப்பைத் தின்று முடித்துவிட்டு மற்ற நேரம் வாயைச் சும்மா விடுவது மேல். ராத்திரி படுக்குமுன் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டில் தேய்த்துத் துப்பிவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்காமல் படுக்கச் சொன்னார். கொப்பளிக்காமல் படுப்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

மற்றவை சுருக்கமாக. இரண்டாம் தடவை பல் கிளீனிங். கிளீன் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்பார்கள். இடைவெளி எனக்கும் விழுந்தது. அது பல்லைச் சுரண்டியதால் இல்லை, வருஷக்கணக்காக அங்கே சிமென்ட் மாதிரி படிந்திருந்த காரை போனதால். நாலைந்து நாள் பச்சைத் தண்ணீருக்குக் கூசியது, சரியாகிவிட்டது. அன்றைக்கே வேர் சிகிச்சைக்கு ஊசி. முதலில் ஈறில் ஏதோ களிம்பு தடவினார்கள். பிறகு கட்டெறும்புக் கடி அளவுக்குத்தான். வலியைவிட, மருந்து இறங்கியதும் நெஞ்சு சில விநாடி படபடத்ததுதான் பயம். அது மருந்தில் சேர்ந்திருக்கும் அட்ரினலின் செய்வது, அடங்கிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். உதடு மரத்தது தெளிய மூன்று மணி நேரம் ஆயிற்று. சொல் பேச்சுக் கேளாமல் ஜங்ஷனில் டீ குடித்தேன். பாதி சட்டையில். மீதியோடு சேர்த்து உதட்டையும் கடித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால்தான் தெரிகிறது.

மூன்றாம் தடவை மகளைக் கூட்டிப்போனேன். ஏழு வயது. அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, அதனால்தான் கூட்டிப்போனேன். வலியோடு முதல் தடவை போகும் பிள்ளைக்கு அந்த நாற்காலி என்றாலே வலி என்று பதிந்துவிடும். வீட்டில் "சேட்டை பண்ணுனா டாக்டர் ஊசி போட்டுருவாவ" என்று சொல்வதை நிறுத்தச் சொன்னார் டாக்டரம்மா. அவள் நாற்காலியில் ஏறி இறங்கி விளையாடினாள், பல்லை எண்ணினார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒன்று தெரிந்தது. பால் பல் வரிசைக்குப் பின்னால் ஆறு வயதுவாக்கில் ஒரு கடவாப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே முளைப்பதால் அதையும் பால் பல் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அது விழுந்து முளைக்கிற பல் இல்லை, சாகும்வரை அதேதான். அதன் பள்ளத்தில் லேசாகக் கறுப்பு. அடைத்துவிடலாம் என்றார். அந்தப் பல்லின் எண்ணைக் கேட்டேன். கீழ் வலது, நாற்பத்தாறு.

புகையிலையை விட்டு 15 நாள் ஆகிறது. முதல் நாலு நாள் மண்டியில் கணக்கு தப்பியது. அண்ணாச்சி கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை. நேற்று உதட்டைக் காட்டப் போனேன். டாக்டரம்மா பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது; ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போம், அப்போதும் இருந்தால் சதை எடுத்து அனுப்பிவிடுவோம் என்று தேதி போட்டுத் தந்தார். அந்தத் தேதி ஆவணியில், முகூர்த்த நாள். மண்டியில் லோடு நிற்க இடமிருக்காது. அண்ணாச்சியிடம் இப்போதே லீவு சொல்லி வைத்துவிட்டேன்.